பார்வையற்றோர் பட்டறையும் திருச்சபையின் பதிவேடும்

இருபதாம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றை நம் இறையியற் கல்லூரிகளில் கற்பிக்கும்போது, ஹிட்லர் காலத்து ஜெர்மனியைப் பற்றிய பாடம் பெரும்பாலும் 1934ஆம் ஆண்டின் பார்மென் அறிக்கையில் தொடங்கி, 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்ட டீட்ரிக் போன்ஹோஃபரோடு முடிவடைகிறது. இப்பாடம் தேவையானதே. ஆயினும், அதே ஆண்டுகளில் பெர்லின் நகரில், எந்த அறிக்கையிலும் கையொப்பமிடாத ஒரு பட்டறைக்காரர் தம்மிடம் வேலை செய்த யூதரைக் காக்கப் போராடிய வரலாற்றை நாம் அரிதாகவே எடுத்துரைக்கிறோம். அவர் பெயர் ஓட்டோ வைட். அவருடைய பட்டறை இன்று ஓர் அருங்காட்சியகம். அதன் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்ந்து, திருச்சபையின் ஊழியராகிய நமக்கு அது எழுப்பும் கேள்வியை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பட்டறையின் தோற்றம்

ஓட்டோ வைட் 1883ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் ஜெர்மனியின் வடகரைத் துறைமுக நகரான ரோஸ்டாக்கில் எளிய கைவினைஞர் குடும்பத்தில் பிறந்தார். சுவர்களுக்கு அலங்காரத் தாள் ஒட்டும் தொழிலைக் கற்றார். இளமையில் பெர்லினுக்கு வந்து, அரசதிகாரத்தையும் போரையும் எதிர்த்த தொழிலாளர் வட்டங்களோடு பழகினார். நடுத்தர வயதில் அவருடைய கண்பார்வை குன்றத் தொடங்கியது. தொழிலைக் கைவிட நேர்ந்தபோது அவர் சோர்ந்துவிடவில்லை. பார்வையற்றோர் வழக்கமாகப் பயின்ற துடைப்பம் கட்டுதலையும் பிரஷ் செய்தலையும் தாமும் கற்றுக்கொண்டார். 1936ஆம் ஆண்டு பெர்லினில் பார்வையற்றோருக்கான பட்டறை ஒன்றை நிறுவினார். 1940ஆம் ஆண்டு அது ரோசன்தாலர் தெரு 39ஆம் எண் கட்டடத்தின் பின்முற்றத்திற்கு மாறியது. அங்குதான் இன்றைய அருங்காட்சியகம் உள்ளது.

1941 முதல் 1943 வரையிலான காலத்தில் அங்கு ஏறக்குறைய முப்பது பேர் வேலை செய்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பார்வையற்ற அல்லது காது கேளாத யூதர். அக்காலச் சூழ்நிலையை நினைவுகூர்ந்தாலன்றி இதன் பொருள் விளங்காது. 1941ஆம் ஆண்டு செப்டம்பர் முதல், ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர் அனைவரும் மஞ்சள் நட்சத்திரம் அணியவேண்டும் என்று கட்டளை பிறந்தது. அக்டோபர் 18ஆம் நாள் பெர்லினிலிருந்து யூதரை ஏற்றிக்கொண்டு முதல் இரயில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. அதே மாதத்தில் யூதர் நாட்டைவிட்டு வெளியேறுவதும் தடை செய்யப்பட்டது. உழைக்க இயலாதவர் என்று கருதப்பட்டோருக்கு அந்த ஆட்சியில் உயிர்வாழும் உரிமையே இல்லை. யூதராகவும் பார்வையற்றவராகவும் இருந்த ஒருவர், ஆகவே, இரு வகையிலும் குற்றம் சாட்டப்பட்டவராக நின்றார். அவருக்கு வேலை கொடுப்பது என்பது அவருடைய உயிருக்குத் தவணை வாங்கிக் கொடுப்பதாக இருந்தது.

2. அடைக்கலம் நடைபெற்ற முறை

வைட்டின் பட்டறைக்கு ஜெர்மன் இராணுவம் ஒரு வாடிக்கையாளர். எனவே அது போருக்கு இன்றியமையாத தொழிலகம் என்ற தகுதியைப் பெற்றிருந்தது. அத்தகுதியே அவருடைய கேடயம். தம் ஆட்களைப் பிடிக்க வந்த அதிகாரிகளிடம், இவர்கள் இல்லாவிடில் இராணுவத்திற்குரிய சரக்கை அனுப்ப முடியாது என்று அவரால் வாதாட முடிந்தது. அவர் செய்த சரக்கில் ஒரு பகுதி இராணுவத்திற்குச் சென்றது. மற்றொரு பகுதி கள்ளச் சந்தைக்குச் சென்றது. போர்க்காலத்தில் துடைப்பமும் பிரஷும் கிடைத்தற்கரிய பொருள்களாகிவிட்டமையால், அவற்றுக்கு மாற்றாக உணவுப்பொருளையும் மதுவையும் பெற முடிந்தது. உணவு தொழிலாளருக்குப் போயிற்று. மது முதலியவை கெஸ்டாப்போ என்னும் இரகசியக் காவலரின் கைகளுக்குக் கையூட்டாகப் போயின.

யூதரை அலுவலக வேலையில் அமர்த்துவதற்கு அனுமதி இல்லை. ஆயினும், பார்வையுள்ள யூதப் பெண்களான இங்கே டாய்ச்க்ரோன், ஆலிஸ் லிஷ்ட் ஆகியோரை வைட் தம் அலுவலகத்தில் வைத்திருந்தார். சோதனைக்காக எவரேனும் வந்தால் அவர்கள் கண்ணில் படாதபடி மறைந்துகொள்வர். டாய்ச்க்ரோன் பின்னாளில் எழுதிய நினைவுகளாலேயே இப்பட்டறையின் வரலாறு பெரிதும் வெளிவந்தது. அவர் கூறும் நிகழ்ச்சிகளுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. ஒருமுறை கெஸ்டாப்போவினர் பட்டறையின் தொழிலாளரைப் பிடித்து, அருகிலுள்ள கிராஸ ஹம்பூர்கர் தெருவில் இருந்த திரட்டு முகாமுக்குக் கொண்டுபோயினர். முன்பு யூத முதியோர் இல்லமாக இருந்த கட்டடம் அது. வைட் அங்குச் சென்று, வாதாடி, தம் ஆட்களை மீட்டார். நட்சத்திரம் அணிந்த பார்வையற்றோர் தங்கள் முதலாளியோடு தெரு வழியே நடந்து பட்டறைக்குத் திரும்பினர். அவரும் ஏறத்தாழப் பார்வையற்றவர் என்பதை நாம் மறக்கலாகாது.

இங்கு ஓர் இடறல் உண்டு. பொய், கையூட்டு, கள்ளச் சந்தை, இராணுவத்தோடு வாணிபம் ஆகியவற்றை நல்லொழுக்கம் என்று எவரும் போதிப்பதில்லை. யூதரைக் கொன்ற அரசின் படைக்கே அவர் பிரஷ் விற்றார் என்பதை மறைக்கவும் வேண்டுவதில்லை. ஆனால் வேதாகமத்தை வாசிக்கும் நமக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. ஆகாபின் அரண்மனை விசாரிப்புக்காரனாகிய ஒபதியா தன் பதவியை விடாமலே நூறு தீர்க்கதரிசிகளைக் கெபிகளில் ஒளித்துவைத்து, அப்பமும் தண்ணீரும் கொடுத்து வந்தான். அந்தப் பதவியே அவனுக்கு வழியைத் திறந்தது. எலியாவைப் போல அவன் அரசன் முன் நின்று கண்டிக்கவில்லை. ஆயினும் அந்த நூறு பேரும் உயிர் பிழைத்தது அவனாலேயே.

3. 1943ஆம் ஆண்டு

வைட்டின் கேடயம் எப்போதும் நிலைக்கவில்லை. 1943ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், பெர்லின் தொழிற்சாலைகளில் எஞ்சியிருந்த யூதத் தொழிலாளர் அனைவரையும் ஒரே வீச்சில் பிடிக்கும் நடவடிக்கை தொடங்கியது. வைட்டின் ஆட்களுள் பலர் அப்போது பிடிபட்டனர். இம்முறை எந்த வாதமும் எடுபடவில்லை.

எஞ்சியோரில் சிலருக்கு அவர் ஒளிவிடம் தேடினார். சாயிம் ஹார்ன், அவர் மனைவி மாக்லா, அவர்களுடைய பிள்ளைகள் மாக்ஸ், ரூத் ஆகிய நால்வரும் பட்டறையின் கடைசி அறையில் தங்கவைக்கப்பட்டனர். அந்த அறைக்குச் சன்னல் இல்லை. அதன் வாசலை ஒரு துணி அலமாரி மறைத்தது. அலமாரிக்குள் தொங்கிய துணிகளை விலக்கினால்தான் உள்ளே செல்ல முடியும். ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் அக்குடும்பம் அங்கு வாழ்ந்தது. 1943 அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டு, நால்வரும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டனர்.

இதையே அருங்காட்சியகத்திற்குச் செல்வோர் முடிவில் சந்திக்கின்றனர். அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. தொழிலாளரின் புகைப்படங்களையும், முகாம்களிலிருந்து வந்த கடிதங்களையும் அஞ்சலட்டைகளையும் கடந்து செல்வோர், இறுதியில் சன்னலற்ற அந்தச் சிற்றறையை அடைகின்றனர். வெற்றியின் நினைவிடத்தைக் காண வந்தோம் என்று எண்ணியவர் அங்குத் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியவராகிறார். வைட் காக்க முயன்றவர்களுள் பெரும்பாலோர் பிழைக்கவில்லை, சிலரே பிழைத்தனர். 1933ஆம் ஆண்டு ஏறக்குறைய 1,60,000 யூதர் வாழ்ந்த பெர்லினில், தலைமறைவாக இருந்து போரின் முடிவைக் கண்டவர் ஏறத்தாழ 1,700 பேர் மட்டுமே. எண்ணிக்கையைக் கொண்டு அளந்தால், பட்டறையின் கதை ஒரு தோல்வி. ஆனால் காக்கப்பட்ட ஒவ்வொரு மாதமும் அம்மனிதருக்கு வாழ்வின் ஒரு மாதமாக இருந்தது. தம்மை மனிதராக மதித்த ஒருவர் உண்டு என்பதை அறிந்தே அவர்கள் சென்றனர். தொழிலாளர் அவரைத் தந்தை என்னும் பொருள்படப் "பாப்பா" என்று அழைத்தனர்.

4. ஓர் அஞ்சலட்டை

ஆலிஸ் லிஷ்டும் அவருடைய பெற்றோரும் வைட் வாடகைக்கு எடுத்திருந்த வேறோர் இடத்தில் ஒளிந்திருந்தனர். அவர்களும் அதே அக்டோபரில் பிடிபட்டு, நவம்பர் மாதத்தில் தெரேசியன்ஸ்டாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தெரேசியன்ஸ்டாட்டிலிருந்த தம் மக்களுக்கு வைட்டும் அவருடைய நண்பர்களும் 150க்கும் மேற்பட்ட உணவுப் பொட்டலங்களை அனுப்பினர். 1944 மே மாதத்தில் லிஷ்ட் குடும்பம் ஆஷ்விட்ஸுக்கு மாற்றப்பட்டது. போகும் வழியில் ஆலிஸ் ஓர் அஞ்சலட்டையை இரயிலிலிருந்து வெளியே எறிந்தார். அதைக் கண்டெடுத்த யாரோ ஒருவர் அஞ்சலில் சேர்க்க, அது வைட்டின் கைக்கு வந்து சேர்ந்தது.

அதன்பின் அவர் செய்தது நம்புதற்கரியது. அறுபத்தொரு வயதான, பார்வை ஏறத்தாழ இழந்த அம்மனிதர் பிரஷ் வாணிபத்தைக் காரணமாகக் காட்டி ஆஷ்விட்ஸுக்கே பயணமானார். ஆலிஸ் அங்கிருந்து கிறிஸ்டியான்ஸ்டாட் என்னும் உழைப்பு முகாமுக்கு மாற்றப்பட்டதை அறிந்து, அந்த ஊருக்கும் சென்றார். முகாமில் வேலை செய்த ஒரு போலந்துத் தொழிலாளி மூலம் செய்தி அனுப்பினார். தப்பிவந்தால் பயன்படும்படி, உடையும் மருந்தும் பணமும் ஊரில் வைத்துச் சென்றார். 1945 சனவரியில் முகாம் கலைக்கப்பட்டுக் கைதிகள் நடத்திச் செல்லப்பட்டபோது ஆலிஸ் தப்பினார். பெர்லின் வந்து, வைட், அவர் மனைவி எல்சே ஆகியோரின் இல்லத்தில் போர் முடியும்வரை மறைந்திருந்தார். அவருடைய பெற்றோர் திரும்பவில்லை.

அந்த அஞ்சலட்டையைக் கண்டெடுத்தவரின் பெயர் வரலாற்றில் இல்லை. போலந்துத் தொழிலாளியும் தம் பங்கைச் செய்துவிட்டு மறைந்துபோனார். ஓர் உயிர் காக்கப்படுவதற்கு எத்தனை கைகள் தேவைப்பட்டன என்பதையும், அவற்றுள் எத்தனை கைகள் பெயரற்றவை என்பதையும் இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

5. திருச்சபையின் பதிவேடு

இனி, இதே காலத்தில் இதே நகரில் நடைபெற்ற மற்றொரு வேலையை நோக்குவோம். 1933 ஏப்ரலில் இயற்றப்பட்ட அரசு ஊழியர் சட்டமும், 1935ஆம் ஆண்டின் நூரென்பர்க் சட்டங்களும் ஒருவர் யூதரா அல்லரா என்பதை அவருடைய பாட்டன் பாட்டியரைக் கொண்டு தீர்மானித்தன. அதற்குச் சான்று வேண்டும். பிரஷ்யாவில் பிறப்பு இறப்புகளை அரசே பதிவு செய்யத் தொடங்கியது 1874ஆம் ஆண்டில்தான். அதற்கு முற்பட்ட சான்றுகள் திருச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளிலேயே இருந்தன. ஆகவே நாடெங்கும் குருமனை அலுவலகங்கள் வம்சச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கும் இடங்களாயின. போதகர்களும் எழுத்தர்களும் பழைய ஏடுகளைப் புரட்டி, நகலெடுத்து, முத்திரையிட்டுக் கொடுத்தனர்.

பெர்லினில் இது இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1936ஆம் ஆண்டின் இறுதியில், கார்ல் தேமல் என்னும் புரொட்டஸ்டன்ட் போதகரின் தலைமையில், நகரின் பழைய திருச்சபைப் பதிவேடுகளை ஒருங்கே திரட்டும் அலுவலகம் அமைக்கப்பட்டது. ஞானஸ்நானம் பெற்ற யூதரின் பெயர்கள் அங்குத் தனி அட்டைகளில் தொகுக்கப்பட்டன. அவ்விவரங்கள் அரசின் வம்ச ஆராய்ச்சி அலுவலகத்திற்கும் அளிக்கப்பட்டன. கிறிஸ்துவின் சரீரத்தில் ஒருவர் சேர்க்கப்பட்டதற்கு அடையாளமாக எழுதப்பட்ட வரியே, அவருடைய பேரப்பிள்ளைகளை மனித சமுதாயத்திலிருந்து நீக்குவதற்குச் சான்றாயிற்று. இதைச் செய்தவர்களுள் பலர் தாங்கள் யாரையும் கொல்லவில்லை என்றே எண்ணியிருப்பர். அவர்கள் ஏட்டைச் சரியாகப் பார்த்தனர், சரியாக நகலெடுத்தனர். பட்டறையில் வைட் அதிகாரிகளிடம் பொய் சொன்னார். குருமனைகளில் நம் உடன் ஊழியர் உண்மையையே எழுதினர். எது ஜீவனுக்கு ஏதுவாயிற்று, எது மரணத்திற்கு ஏதுவாயிற்று என்பதை வாசகரே எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம்.

திருச்சபையில் வேறு வகையானவர் எவரும் இல்லை என்று கூறுவது நீதியாகாது. போதகர் ஹைன்ரிக் கிரூபர் 1938ஆம் ஆண்டு பெர்லினில் திறந்த உதவி அலுவலகம், யூத வழிவந்த கிறிஸ்தவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேற வழிசெய்தது. 1940 டிசம்பரில் அவர் கைதானார். அவருடைய உடன் ஊழியரான போதகர் வெர்னர் சில்டன் 1942ஆம் ஆண்டு கொல்லப்பட்டார். பெர்லினின் டாலெம் சபையைச் சேர்ந்த சிலர் ஃப்ரான்ஸ் காஃப்மானோடு சேர்ந்து, தலைமறைவான யூதருக்குப் போலி அடையாளச் சீட்டுகள் தயாரித்துக் கொடுத்தனர். காஃப்மான் 1944ஆம் ஆண்டு சுட்டுக்கொல்லப்பட்டார். ஆனால் இவர்கள் திருச்சபையின் விளிம்பில் நின்ற சிலர். பார்மென் அறிக்கை யூதரைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. 1941 டிசம்பரில், ஏழு மாநிலத் திருச்சபைகளின் தலைவர்கள் யூதக் கிறிஸ்தவருக்குத் தங்கள் சபைகளில் இடமில்லை என்று வெளிப்படையாக அறிவித்தனர். போருக்குப் பின் 1945 அக்டோபரில் வெளியான ஸ்டுட்கார்ட் குற்ற அறிக்கையும் யூதரைப் பெயர் குறித்துச் சொல்லவில்லை. 1950ஆம் ஆண்டு வைசென்சே ஆலோசனைச் சங்கமே யூதருக்கு இழைக்கப்பட்ட தீங்கில் திருச்சபைக்குள்ள பங்கை ஒப்புக்கொண்டது.

6. மதிப்புப் பட்டியலில் விடுபட்டவர்

வைட்டின் உதவியாளருள் ஹெட்விக் போர்ஷுட்ஸ் என்னும் பெண்மணி ஒருவர். 1900ஆம் ஆண்டு பிறந்தவர். வறுமையில் வளர்ந்து, சில காலம் பரத்தைமைத் தொழிலால் பிழைத்தவர். கள்ளச் சந்தையில் உணவு திரட்டி வைட்டுக்குக் கொடுத்தவர் இவரே. அலெக்சாந்தர் தெருவிலிருந்த தம் சிறு வீட்டில் நான்கு யூதப் பெண்களுக்கு அடைக்கலம் அளித்தார். 1944ஆம் ஆண்டு கள்ளச் சந்தைக் குற்றத்திற்காகக் கைதாகி, நாஜி ஆட்சியின் தனி நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார்.

போருக்குப் பின், மேற்குப் பெர்லின் அரசு 1958 முதல் 1966 வரை, யூதருக்கு உதவிய நகர மக்களைத் தேடிக் கௌரவித்தது. எழுநூறுக்கும் மேற்பட்டோர் மதிப்புப் பெற்றனர். ஹெட்விக் போர்ஷுட்ஸின் விண்ணப்பமோ, பழைய தண்டனையையும் அவருடைய நடத்தையையும் காரணங்காட்டி நிராகரிக்கப்பட்டது. 1977ஆம் ஆண்டு அவர் ஏழையாக இறந்தார். அந்தத் தண்டனை 2011ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டு, எருசலேமின் யாத் வாஷெம் நினைவகம் அவரை உலக நாடுகளின் நீதிமான்களுள் ஒருவராக அறிவித்தது. ஓட்டோ வைட்டுக்கு அதே மதிப்பு 1971ஆம் ஆண்டிலேயே கிடைத்திருந்தது. ஒரே வேலையில் பங்குகொண்ட இருவருக்கிடையே நாற்பத்தோராண்டு இடைவெளி.

இதனை வாசிக்கும்போது எரிகோவின் மதில்மேல் குடியிருந்த ராகாப் நம் நினைவுக்கு வராமற்போகாள். அவளும் அரசனின் ஆட்களிடம் பொய் சொன்னாள்; அடைக்கலம் தேடியவரைச் சணல் தட்டைகளுக்குள் மறைத்தாள். எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் விசுவாச வீரரின் பட்டியலைத் தொகுத்தவர் அவளுடைய தொழிலையும் மறைக்கவில்லை. அவள் பெயரையும் விட்டுவிடவில்லை. அப்பட்டியலைப் பிரசங்க பீடத்திலிருந்து வாசிக்கும் கிறிஸ்தவ உலகில், இன்னொரு ராகாப் அறுபதாண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

7. பட்டறை அருங்காட்சியகமான வரலாறு

வைட் போருக்குப் பின், முகாம்களிலிருந்து மீண்ட யூதப் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் பெர்லினில் ஓர் இல்லம் அமையப் பாடுபட்டார். 1947ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் காலமானார். அவருடைய பட்டறை இருந்த பகுதி கிழக்குப் பெர்லினுக்குள் அமைந்தது. அக்கட்டடத்தை எவரும் புதுப்பிக்கவில்லை. அப்புறக்கணிப்பே அந்த அறைகளை ஏறத்தாழப் பழைய நிலையிலேயே பாதுகாத்தது. பெர்லின் மதில் வீழ்ந்த பின், அருங்காட்சியகக் கலை பயின்ற மாணவர் சிலர் அவ்வறைகளை ஆராய்ந்து, 1999ஆம் ஆண்டு ஒரு சிறு கண்காட்சியைத் திறந்தனர். தற்காலிகமாகத் தொடங்கிய அது, இங்கே டாய்ச்க்ரோன் முதலியோரின் விடாமுயற்சியால் நிலைபெற்றது. 2005ஆம் ஆண்டு முதல் ஜெர்மன் எதிர்ப்பியக்க நினைவகத்தின் பொறுப்பில் உள்ளது; 2006 டிசம்பரில் நிரந்தரக் காட்சியாக மீண்டும் திறக்கப்பட்டது. பட்டறையில் வேலை செய்த அந்த இளம் பெண் 2022 மார்ச்சு மாதத்தில், தம் 99ஆம் வயதில், பெர்லினிலேயே காலமானார்.

தொடங்கியவர்கள் மாணவர்கள் என்பதை இறையியல் மாணவர்கள் கவனிக்க வேண்டுகிறோம். அவர்கள் எழுதியது பெரிய நூலன்று. பாழடைந்த ஒரு மாடியில் ஏறி, இங்கு யார் இருந்தனர் என்று கேட்டனர்.

முடிவுரை

நாம் ஆராய்ந்த வரலாற்றில் மூன்று பதிவேடுகள் உள்ளன. முதலாவது, குருமனை அலமாரியிலிருந்த ஞானஸ்நானப் பதிவேடு. அது புனிதமான நோக்கத்தோடு எழுதப்பட்டு, அழிவுக்குப் பயன்பட்டது. இரண்டாவது, அரசின் மதிப்புப் பட்டியல். அது நற்செயலைத் தேடிச் சென்றும், ஒழுக்கத்தைக் காரணங்காட்டி ஒரு நீதிமானைத் தள்ளிற்று. மூன்றாவது, பார்வையற்றோர் பட்டறையின் ஆள் பட்டியல். அதில் மறைவும் பொய்யும் உண்டு. ஆனால் ஒரு பெயர் அதில் இருந்த நாள்வரை, அம்மனிதருக்கு உயிரும் இருந்தது.

போதகராகிய நாம் ஒவ்வொருவரும் பதிவேடு எழுதுகிறவர்கள். யார் சபையைச் சேர்ந்தவர், யார் சேராதவர், யார் மதிப்புக்குரியவர் என்பதை நம் பேனா நாள்தோறும் தீர்மானிக்கிறது. நாம் எழுதும் வரி நாளை எவர் கையில் எதற்குப் பயன்படும் என்பதை நாம் அறியோம். ஆயினும் அதை ஒருவர் வந்து கேட்கும்போது, எதற்காகக் கேட்கிறார் என்று வினவும் கடமை நமக்குண்டு. பெர்லினின் குருமனைகளில் அந்த ஒரு கேள்வி போதிய அளவு கேட்கப்படவில்லை. ரோசன்தாலர் தெருவின் பின்முற்றத்தில், கண் தெரியாத ஒருவர் அதை ஒவ்வொரு நாளும் கேட்டார்.

அடுத்த முறை பார்மென் அறிக்கையை வகுப்பில் கற்பிக்கும்போது, அதனருகே அந்தச் சன்னலற்ற அறையையும் வைத்துக் கற்பிப்போமாக.